அட்டைப்பெட்டியில் இல்லாத அடிக்குறிப்பு

போன வருஷம் மழை விட்ட ஒரு சனிக்கிழமை மாலை, என் கம்ப்யூட்டரில் இரண்டாவதாக ஒரு எஸ்எஸ்டி போட்டேன். சூயிங்கம் பட்டை மாதிரி இருக்குமே, அந்த எம்.2 வகை. மதர்போர்டில் அதற்கென்றே ஒரு ஸ்லாட் காலியாக இருந்தது. சொருகினேன், திருகை முடுக்கினேன், கேபினட்டை மூடினேன். கம்ப்யூட்டர் எழுந்தது. புது எஸ்எஸ்டி தெரிந்தது. பழைய 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் தெரியவில்லை.

அந்த டிஸ்க்கில் இருந்தவை, ஏழு வருஷமாக நூலகம் நூலகமாகவும் வீடு வீடாகவும் அலைந்து எடுத்த பழைய இதழ்களின் ஸ்கேன்கள். நகல் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் கடைசி எட்டு மாத வேலைக்கு நகல் இல்லை. (திட்டலாம், தகும்.) அந்த எட்டு மாதத்தில் ஒரு பெரியவரின் வீட்டு அலமாரியும் அடக்கம். அவர் இப்போது இல்லை. வீட்டை விற்றுவிட்டார்கள், தாள்கள் எடைக்குப் போய்விட்டன. அதாவது, அந்த டிஸ்க்கில் இருப்பதைத் தவிர அவை உலகத்தில் வேறெங்கும் இல்லை.

கேபிளை மாற்றிப் பார்த்தேன். பக்கத்து சாட்டா போர்ட்டில் சொருகிப் பார்த்தேன். காதை வைத்துக் கேட்டால் டிஸ்க் சுற்றுகிறது, ஆனால் பயாஸில் பெயரே இல்லை. தெரிந்த கடைக்குப் போன் போட்டேன். "சார், சுத்துது ஆனா டிடெக்ட் ஆகலன்னா டிஸ்க்கோட போர்டு போயிருக்கும். ரெக்கவரிக்குத்தான் அனுப்பணும், செலவாகும்" என்றார் அந்தத் தம்பி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் சொன்னதை வைத்து அவர் சொன்னார்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் மதர்போர்டின் மேனுவலைத் திறந்தேன். சாட்டா போர்ட்டுகள் பற்றிய பக்கத்தில் இல்லை. எம்.2 பற்றிய பக்கத்தில், அட்டவணைக்குக் கீழே, நட்சத்திரக் குறி போட்ட ஒரு வரி: இரண்டாவது எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் 5, 6ஆம் சாட்டா போர்ட்டுகள் வேலை செய்யாது. என் டிஸ்க் இருந்தது 5இல். மாற்றிச் சொருகிப் பார்த்ததோ 6இல்! எழுந்துபோய் 1ஆம் போர்ட்டில் மாட்டினேன். எல்லாம் வந்துவிட்டது.

நிம்மதி வந்த பிறகுதான் கோபம் வந்தது. டிஸ்க் சாகவில்லை, போர்டும் சாகவில்லை, எல்லாம் வடிவமைத்தபடியே நடந்திருக்கிறது. அந்த வடிவமைப்பைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. உடனடிக் காரணமும் உண்டு. அக்கா மகன் கல்லூரி சேர்ந்து, சொந்தமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ண வேண்டும் என்று மூன்று மதர்போர்டுகளின் படங்களை அனுப்பி, "மாமா, இதுல எது நல்லது?" என்று கேட்டிருக்கிறான்.

எதை வைத்து மதிப்பிடுவது?

பிராசஸருக்கு வேகம் உண்டு, அளக்கலாம். கிராபிக்ஸ் கார்டுக்கும் அப்படித்தான். மதர்போர்டுக்கு அப்படிச் சொந்த வேகம் கிடையாது. ஒரே பிராசஸரை ஒரே அமைப்புகளோடு எட்டாயிரம் ரூபாய் போர்டில் போட்டாலும் நாற்பதாயிரம் ரூபாய் போர்டில் போட்டாலும், மின்சாரம் போதிய அளவு கிடைத்தால், வேகத்தில் பெரும்பாலும் கவனிக்கும்படி வித்தியாசம் வராது. அதனால்தான் மதர்போர்டு விமர்சனம் எழுதுபவர்கள் எதை அளப்பது என்று தெரியாமல் வெப்பநிலையை அளக்கிறார்கள், பின்பக்கத் துளைகளை எண்ணுகிறார்கள், விளக்குகளைப் படம் எடுக்கிறார்கள்.

மதர்போர்டின் வேலை நடுவில் நிற்பது. ஒரு கம்பெனியின் பிராசஸர், இன்னொரு கம்பெனியின் ரேம், மூன்றாவது கம்பெனியின் எஸ்எஸ்டி, நான்காவதன் எஸ்எம்பிஎஸ், இவற்றையெல்லாம் ஒன்றாக வேலை செய்ய வைப்பது. நடுவில் நிற்பவரிடம் நாம் எதிர்பார்ப்பது நேர்மை. யாருக்கு எவ்வளவு கொடுக்கிறேன், யாரிடமிருந்து எடுத்து யாருக்குக் கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும். இன்றைய போர்டுகளைப் பார்க்கும்போது என் குறை இதுதான்: பொறியியல் முன்னெப்போதையும் விடச் சிறப்பாக இருக்கிறது, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்வதில்லை. ஒரே நேரத்தில் பயன்படுத்த முடியாத வசதிகளைக் கூட்டிப் பெட்டியில் பெரிதாக அச்சடித்துவிட்டு, கழித்தலை மட்டும் அடிக்குறிப்பில் வைக்கிறார்கள்.

ஒரு தொட்டி, பல குழாய்கள்

கழித்தல் ஏன் வருகிறது என்று புரிய, லேன் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பிராசஸரிலிருந்து மற்ற பாகங்களுக்குத் தகவல் போகும் சாலை பிசிஐ எக்ஸ்பிரஸ். அதன் ஒரு தடம்தான் லேன். நான்காம் தலைமுறையில் ஒரு லேனில் நொடிக்குச் சுமார் 2 ஜிகாபைட் போகும், ஐந்தாம் தலைமுறையில் சுமார் 4. கிராபிக்ஸ் கார்டு 16 லேன் கேட்கும். ஒரு எம்.2 எஸ்எஸ்டி 4 லேன் கேட்கும்.

2022இல் ஏஎம்டி கொண்டுவந்த ஏஎம்5 சாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். அதில் உட்காரும் ரைசன் 7000 வரிசை டெஸ்க்டாப் பிராசஸரில் இருப்பது 28 லேன்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு 16, எஸ்எஸ்டி போன்றவற்றுக்கு 8. மிச்சம் 4 லேன் சிப்செட்டுக்குப் போகிறது. அந்த 4 லேனும் நான்காம் தலைமுறை வேகத்தில்தான் ஓடும், அதாவது நொடிக்குச் சுமார் 8 ஜிகாபைட். சிப்செட்டின் கீழே என்னென்ன தொங்குகிறது? மற்ற எம்.2 ஸ்லாட்டுகள், சாட்டா போர்ட்டுகள், யுஎஸ்பியில் பெரும்பகுதி, நெட்வொர்க், வைஃபை எல்லாமே.

அபார்ட்மெண்ட்டில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து ஒரே குழாய் இறங்கி, எட்டு வீட்டுக்குப் பிரிகிற மாதிரி. எட்டுக் குழாயும் உண்மையானவைதான். எல்லோரும் ஒரே நேரத்தில் திறக்காதவரை யாருக்கும் குறை தெரியாது.

இது ஏமாற்று இல்லை. எல்லாரும் எல்லாவற்றையும் ஒரே நொடியில் முழு வேகத்தில் பயன்படுத்த மாட்டார்கள். பகிர்ந்துகொள்வது நல்ல பொறியியல், விலையும் குறைகிறது. என் கேள்வி, அதைச் சொன்னார்களா என்பது. இதே ஏஎம்5இல் விலை கூடின எக்ஸ்670 போர்டு வாங்கினால் சிப்செட் சில்லு ஒன்றுக்கு இரண்டாக இருக்கும். பி650இல் இருக்கும் அதே வகைச் சில்லுதான். இரண்டாவது முதலாவதின் பின்னால் தொங்குகிறது. அதாவது குழாய்கள் கூடுகின்றன, தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் அதே 4 லேன்தான். பெட்டியைப் பார்த்து இதை யாராவது கண்டுபிடிக்க முடியுமா?

இன்டெல் பக்கம் வேறு மாதிரி. 12 முதல் 14ஆம் தலைமுறை வரையான கோர் பிராசஸர்களில் ஐந்தாம் தலைமுறை லேன்கள் 16 மட்டும். அவை கிராபிக்ஸ் கார்டுக்கானவை. அந்த எல்ஜிஏ 1700 போர்டு ஒன்றில் "ஐந்தாம் தலைமுறை எம்.2" என்று பெட்டியில் போட்டிருந்தால், அதற்கான லேன்கள் அந்த 16இல் இருந்துதான் வர வேண்டும். அங்கே எஸ்எஸ்டி போட்ட உடனே கிராபிக்ஸ் கார்டு 16இலிருந்து 8 லேனுக்கு இறங்கிவிடும். விளையாட்டுகளில் அதனால் வரும் இழப்பு பெரும்பாலும் சிறியதுதான், பதற வேண்டியதில்லை. ஆனாலும் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டாமா? "முழு 16 லேன்" என்று ஒரு வரி, "ஐந்தாம் தலைமுறை எஸ்எஸ்டி" என்று இன்னொரு வரி. இரண்டும் தனித்தனியாக உண்மை. சேர்த்துப் படித்தால் பொய்.

அக்கா மகன் அனுப்பிய மூன்றில் ஒன்றுக்கு நான்கு எம்.2 ஸ்லாட். "நாலு இருக்கு மாமா, மத்ததுல ரெண்டுதான்" என்றான். அதன் மேனுவலை இறக்கிப் பார்த்தேன். நான்காவதைப் பயன்படுத்தினால் கீழே இருக்கும் நீளமான ஸ்லாட் அணைந்துவிடும். அப்படியானால் அது நாலா, மூணே முக்காலா?

1981இல் சொன்னார்கள்

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்தக் காலத்தில் ஜம்பரைத் தப்பாக வைத்துவிட்டு அழுதவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஒரு விஷயத்தை ஒப்பிட்டே ஆக வேண்டும்.

1981இல் ஐபிஎம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை, அந்த 5150ஐ, வெளியிட்டபோது அதற்கென்று ஒரு தொழில்நுட்பக் கையேடும் விற்றது. அதில் மதர்போர்டின் முழு மின்சுற்று வரைபடங்கள் இருந்தன. பயாஸின் நிரல் வரிவரியாக அச்சாகியிருந்தது. போர்டில் ஐந்து ஸ்லாட்டுகள், ஒவ்வொரு பின்னிலும் என்ன வருகிறது என்று எழுதியிருந்தது. அதைப் படித்துத்தான் மற்றவர்கள் கார்டு செய்தார்கள். நிரல் காப்புரிமைக்கு உட்பட்டது என்பதால் போட்டி கம்பெனிகள் பயாஸை மட்டும் தாங்களே புதிதாக எழுத வேண்டியிருந்தது. "ஐபிஎம் கம்பாட்டிபிள்" என்று பிற்பாடு உலகம் முழுக்கப் பரவிய இனத்துக்கு அந்தப் புத்தகம் ஒரு முக்கியக் காரணம்.

அடுத்த பெரிய அடி 1995. இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவை வெளியிட்டது: 305க்கு 244 மில்லிமீட்டர், திருகு ஓட்டைகள் இன்ன இடத்தில், பின்பக்கத் துளைகளுக்கான ஜன்னல் இன்ன இடத்தில். இன்று வாங்கும் ஏடிஎக்ஸ் போர்டின் ஓட்டைகள், தொண்ணூறுகளின் கடைசியில் வாங்கிய கேபினட்டிலும் பொருந்தும். முப்பது வருஷத்தில் உள்ளே எல்லாம் மாறிவிட்டது, ஓட்டை மாறவில்லை. போட்டி போட்டுக்கொண்டிருக்கும் ஆட்கள் இப்படி ஒரு உடன்பாட்டை இத்தனை காலம் காப்பாற்றியது சாதாரண விஷயம் இல்லை. அதே போல 1990களின் இறுதியில் மைக்ரோசாப்ட்டும் இன்டெல்லும் சேர்ந்து நிறங்களை ஒழுங்குபடுத்தினார்கள்: கீபோர்டுக்கு ஊதா, மவுஸுக்குப் பச்சை, மைக்குக்கு இளஞ்சிவப்பு. இங்கிலீஷ் தெரியாத பெரியவருக்கும் போனிலேயே "ஊதாவை ஊதாவுல சொருகுங்க" என்று சொல்ல முடிந்தது. அது நல்ல வடிவமைப்பு. யாரும் அதைப் பெட்டியில் விளம்பரம் பண்ணவில்லை.

இப்போது என்ன நடக்கிறது? சமீபத்தில் சில கம்பெனிகள் எல்லாக் கேபிள் முனைகளையும் போர்டின் பின்பக்கத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒரு ஒயர் தெரியாது, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கென்று துளை வெட்டிய கேபினட் வேண்டும். ஒயர் தெரியக் கூடாது என்பதற்காக முப்பது வருஷ உடன்பாட்டைத் தளர்த்துகிறார்கள்.

அதே சமயம், பவர் பட்டனுக்கும் ரீசெட்டுக்கும் விளக்குக்கும் போகிற அந்த ஒன்பது பின் இருக்கிறதே, போர்டின் வலது கீழ் மூலையில்? ஏஎம்5 வந்த பிறகும் பெரும்பாலான போர்டுகளில் ஒற்றை ஒற்றை ஒயராக, டார்ச் அடித்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டித்தான் சொருக வேண்டியிருக்கிறது. புதிதாக அசெம்பிள் பண்ணுகிறவர் அதிகம் தவறுகிற இடங்களில் அது ஒன்று. பார்க்கிறவர் கண்ணுக்கு அத்தனை செலவு செய்கிறவர்கள், மாட்டுகிறவர் விரலை மறந்துவிட்டார்கள்.

கவசம்

இன்றைய போர்டைப் பார்த்தால் பலகையே தெரிவதில்லை. மேலெல்லாம் உலோகத் தகடு, பிளாஸ்டிக் மூடி, விளக்கு. இதில் பாதி நியாயமானது. பிராசஸரைச் சுற்றி இருக்கும் விஆர்எம் என்ற மின்சுற்று, எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டைச் சுமார் 1.2 வோல்ட்டாக இறக்குகிறது. பிராசஸர் 120 வாட் இழுத்தால், 1.2 வோல்ட்டில் அது 100 ஆம்பியர். வீட்டில் ஏசிக்குப் போடும் சுவிட்ச் 20 ஆம்பியர் என்பதை நினைத்துக்கொண்டால் அந்த எண்ணின் கனம் புரியும். வோல்ட்டேஜ் குறைவு, தூரமும் சில சென்டிமீட்டர்தான். ஆனாலும் அவ்வளவு மின்னோட்டம் போகிற இடத்தில் சூடு வரும். கனமான ஹீட்சிங்க் அங்கே அலங்காரம் இல்லை, தேவை. அதேபோல வேகமான எஸ்எஸ்டிக்கு மேல் தகடு வைப்பதும் சரிதான்.

மிச்சப் பாதி வேஷம். எந்தச் சூடும் வராத இடத்தில் மூடி. அந்த மூடி மறைப்பது எதைத் தெரியுமா? பலகையில் வெள்ளை மையில் அச்சடித்த பெயர்களை. எந்த ஸ்லாட் எது, எந்த முனை எதற்கு என்று சொன்ன எழுத்துகளை. முன்பு போர்டைக் கையில் எடுத்தால் அதுவே தன் மேனுவலாகப் பாதி இருக்கும். இப்போது கம்பெனியின் சின்னம் பளிச்சென்று தெரிகிறது, "எம்2_3" என்ற எழுத்து தகட்டுக்கு அடியில் இருக்கிறது.

விஆர்எம்மிலும் கூட்டல் கணக்கு உண்டு. பெட்டியில் 16 கூட்டல் 2 கூட்டல் 1 என்று பேஸ் எண்ணிக்கை போட்டிருப்பார்கள். சிலவற்றில் அந்த 16 என்பது எட்டை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டியது. அப்படிக் கட்டுவது தப்பில்லை, சூடு பரவலாகும். ஆனால் எண்ணிக்கையை வைத்து இரண்டு போர்டை ஒப்பிடுவது, கதவுகளை எண்ணி வீட்டை விலை பேசுவது மாதிரி. எந்தப் பாகம், எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று எழுதினால் ஒப்பிடலாம். அதை எழுதுகிற பெட்டிகள் சிலதான்.

நான்கு ஸ்லாட், இரண்டு ரேம்

எனக்கு ரொம்ப நாளாகப் புரியாமல் இருந்த ஒன்று, ரேம் ஸ்லாட். நான்கு இருக்கும், ஆனால் இரண்டு ரேம் வாங்கினால் பிராசஸரிலிருந்து இரண்டாவதிலும் நான்காவதிலும் போடு என்பார்கள். ஏன் முதலில் போடக் கூடாது?

ஒரு சேனலின் இரண்டு ஸ்லாட்டும் பெரும்பாலான போர்டுகளில் ஒரே ஒயரில் அடுத்தடுத்து இருக்கின்றன. கடைசி ஸ்லாட்டில் ரேம் இருந்தால் ஒயர் அங்கே முடிகிறது. முதல் ஸ்லாட்டில் மட்டும் போட்டால், அதற்கு அப்புறம் ஒரு துண்டு ஒயர் சும்மா நீட்டிக்கொண்டிருக்கும். வேகமான சமிக்ஞை அந்த மொட்டை முனையில் மோதித் திரும்பி வந்து குழப்பும். அதனால்தான் இரண்டும் நான்கும்.

நான்கையும் நிரப்பினால்? ரைசன் 7000க்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்வது: இரண்டு ரேம் என்றால் டிடிஆர்5-5200, நான்கு என்றால் 3600. பெரிய வீழ்ச்சி. பெட்டியில் போட்டிருக்கும் எண்ணோ 6000க்கு மேல், சிலவற்றில் இன்னும் அதிகம். பக்கத்தில் ஓவர்கிளாக்கிங் என்பதைச் சுருக்கி இரண்டெழுத்து. இயல்பு வேகத்தை மீறி ஓட்டினால், அதுவும் இரண்டு ரேம் மட்டும் போட்டால், கிடைக்கக்கூடிய உச்சம் அது.

"இப்போ ரெண்டு வாங்குறேன், காசு வந்ததும் இன்னும் ரெண்டு சேர்த்துக்கிறேன்" என்று அக்கா மகன் திட்டம் போட்டிருந்தான். நம் வீடுகளில் எல்லாருமே இப்படித்தானே வாங்குவோம்? அவனிடம், "நாலு ஸ்லாட்டும் இருக்குன்னு நம்பாதே, முதல்லயே ரெண்டு பெரிய ரேமா வாங்கு" என்று சொன்னேன். இந்த ஒரு வாக்கியம் பெட்டியில் இருந்தால் எத்தனை பேருக்குக் காசு மிச்சமாகும்.

நாம் தேர்ந்தெடுக்காத அமைப்புகள்

போர்டில் கண்ணுக்குத் தெரியாத வடிவமைப்பு ஒன்றும் உண்டு: பயாஸ் தானாக வைக்கும் அமைப்புகள். போட்டியாளரை விட ஒரு சதவீதம் கூடுதலாகக் காட்ட, பிராசஸர் கம்பெனி சொன்ன மின்சார வரம்பைத் தளர்த்தி வைப்பது நீண்ட நாள் பழக்கம்.

2023 ஏப்ரலில் சில ரைசன் 7000 பிராசஸர்கள் போர்டிலேயே கருகிய செய்தி வந்தது. ஏஎம்டி, எஸ்ஓசி வோல்ட்டேஜ் 1.3ஐத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்துப் புது பயாஸ் கொடுக்கச் செய்தது. 2024இல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் நிலை தடுமாறிய விவகாரம். அதில் இன்டெல்லின் சொந்த மைக்ரோகோடிலேயே பிழைகள் இருந்தன. அதை இன்டெல்லே ஒப்புக்கொண்டு வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டித்தது. அதே நேரத்தில், காரணங்களில் ஒன்றாக, தன் மின்சார வழிகாட்டுதலை மீறிய மதர்போர்டு அமைப்புகளையும் குறிப்பிட்டது.

பயனர் எதையும் தொடவில்லை. பெட்டியைப் பிரித்து, மாட்டி, ஆன் செய்தார், அவ்வளவுதான். "டீஃபால்ட்" என்ற சொல்லை நாம் "பாதுகாப்பானது" என்று புரிந்துகொள்கிறோம். போர்டு செய்கிறவரோ அதை "விமர்சனத்தில் நல்ல எண் வருவது" என்று புரிந்துகொண்டிருக்கிறார். நடுவில் நிற்பவர் ஒரு பக்கம் சாய்ந்தால் இப்படித்தான் ஆகும்.

நல்லதையும் சொல்ல வேண்டும்

குறை மட்டும் சொன்னால் விமர்சனம் ஆகாது. கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் பரவலான மூன்று விஷயங்களை மனசாரப் பாராட்டுவேன்.

முதலாவது, நான்கு சின்ன விளக்குகள்: சிபியு, டிராம், விஜிஏ, பூட். கம்ப்யூட்டர் எழாவிட்டால் எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த விளக்கு எரியும். "டிஸ்ப்ளே வரல" என்று மொட்டையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் போய், "டிராம் லைட்ல நிக்குது" என்று சொல்ல முடிகிறது. டிடிஆர்5 போர்டு முதல் தடவை ஆன் ஆகும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிஷம் கறுப்புத் திரையோடு இருக்கும். அந்த விளக்கு இல்லையென்றால் எத்தனை பேர் பயந்து பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள்!

இரண்டாவது, பிராசஸர் இல்லாமலே, பென் டிரைவையும் ஒரு பட்டனையும் வைத்து பயாஸைப் புதுப்பிக்கும் வசதி. பயாஸ் புதுப்பிக்கப் பழைய பிராசஸரைக் கடன் வாங்கி அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மூன்றாவது, ஏஎம்4 சாக்கெட். 2017இல் முதல் ரைசனுக்கு வாங்கிய போர்டு பலவற்றில், பயாஸ் மட்டும் புதுப்பித்து, 2022இல் வந்த 5800எக்ஸ்3டியைப் போட முடிந்தது. அதுவும் சும்மா கிடைக்கவில்லை. 2020இல், 400 வரிசை போர்டுகளுக்கு அடுத்த தலைமுறை கிடையாது என்று ஏஎம்டி அறிவித்து, பயனர்கள் கொதித்த பிறகு மாற்றிக்கொண்டது. எதிர்ப்பக்கம் பாருங்கள். 2017 கடைசியில் வந்த இன்டெல்லின் 8ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் அதே எல்ஜிஏ 1151 சாக்கெட் அளவில்தான் வந்தன. ஆனால் 100, 200 வரிசை போர்டுகளில் வேலை செய்யாது. உள்ளே போகும், ஓடாது. அளவு பொருந்துவதும் ஒத்துப்போவதும் வேறு வேறு.

இந்த மூன்றுக்கும் ஒரு பொதுவான தன்மை இருக்கிறது. மூன்றும் மாட்டுகிறவர், பழுது பார்க்கிறவர், பழசை வைத்துக் காலம் தள்ளுகிறவர் ஆகியோரை நினைத்துச் செய்தவை. அதாவது இவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

"மேனுவல் படிக்காதது உன் தப்பு"

இந்தக் கதையை ஹார்டுவேர் துறையில் இருக்கும் நண்பரிடம் சொன்னபோது, "அதான் எழுதியிருக்கான்ல? மேனுவலைப் படிக்காதது உன் தப்புய்யா" என்றார். பாதி ஒப்புக்கொள்கிறேன். நகல் எடுக்காதது முழுக்க என் தப்பு. மேனுவல் பாதித் தப்பு.

மிச்சத்துக்கு என் பதில் இது. அந்த எஸ்எஸ்டியை நான் சொருகியபோது, சாட்டா 5, 6ஐ அணைத்தது போர்டேதான். அது விபத்து இல்லை, போர்டு எடுத்த முடிவு. முடிவு எடுத்தவருக்கு அது தெரியும். தெரிந்தும் பயாஸ் திரையில் அந்த இரண்டு போர்ட்டுக்கும் நேராக "எதுவும் இல்லை" என்று காட்டியது. "எம்.2 காரணமாக அணைக்கப்பட்டது" என்று காட்டியிருக்கலாம். இரண்டும் ஒன்றா? முதலாவது, உன் டிஸ்க் செத்துவிட்டது என்று என்னை நினைக்க வைத்தது. ரெக்கவரி வரைக்கும் கொண்டுபோயிருக்கும். விவரம் தெரியாத இன்னொருவர் டிஸ்க்கையே குப்பையில் போட்டிருப்பார்.

ஆராய்ச்சிக் கட்டுரை படிக்கிறவர்களுக்கு இந்த வலி தெரியும். முடிவுரையில் முழங்கிவிட்டு, அதைக் கவிழ்க்கும் தகவலை அடிக்குறிப்பில் ஒளித்து வைக்கும் கட்டுரைகள் உண்டு. அவற்றைப் பொய் என்று சொல்ல முடியாது, எல்லாம் எழுதியிருக்கும். நல்ல கட்டுரை என்றும் யாரும் சொல்ல மாட்டோம்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் வெள்ளை மையில் ஒரு வரி. பெட்டியின் பின்புறத்தில், எது பிராசஸரிலிருந்து வருகிறது, எது சிப்செட்டிலிருந்து வருகிறது, எது எதோடு பகிர்கிறது என்று ஒரு கட்ட வரைபடம். சில போர்டுகளின் மேனுவலில் அந்த வரைபடம் இப்போதே இருக்கிறது, அதைப் பெட்டிக்கு நகர்த்தினால் போதும். பயாஸில் ஒரு செய்தி. அவ்வளவுதான்.

அதுவரை நாம் செய்ய வேண்டியதை அக்கா மகனுக்கு எழுதி அனுப்பினேன். இங்கேயும் போடுகிறேன். வாங்குவதற்கு முன் மேனுவலை இறக்கு, அது இலவசம். நட்சத்திரக் குறி போட்ட வரிகளை மட்டும் தேடிப் படி. நீ மாட்டப்போகும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுமா என்று சரிபார். நான்கு விளக்கும், பயாஸ் பட்டனும் இருக்கிறதா பார். வண்ண விளக்குக்குக் காசு கொடுக்காதே. முதலில் பயாஸைப் புதுப்பி, அப்புறம் மற்றதெல்லாம்.

அவன் இரண்டு எம்.2 ஸ்லாட் இருக்கும் போர்டை வாங்கினான். நாலு இருந்ததை விட மூவாயிரம் குறைவு. மாட்டி முடித்த அன்று ராத்திரி போன் வந்தது. "மாமா, டிஸ்ப்ளே வரல... இரு இரு, டிராம் லைட் எரியுது. வெயிட் பண்றேன்."

என் கம்ப்யூட்டரில் அந்த ஹார்ட் டிஸ்க் 1ஆம் போர்ட்டிலேயே இருக்கிறது. ஸ்கேன்களுக்கு இப்போது மூன்று நகல், ஒன்று அக்கா வீட்டில். கேபினட்டின் பக்கக் கதவுக்கு உட்புறம் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி, பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்: "இரண்டாவது எம்.2வில் எஸ்எஸ்டி இருக்கிறது. சாட்டா 5, 6 வேலை செய்யாது. டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது." எனக்கு மறக்காது. எனக்குப் பிறகு யாராவது திறந்தால் பார்த்துக்கொள்ளட்டும்.